அல்பட்ராஸ் முதுகுல ஜிபிஎஸ் வச்சா எங்க போச்சுன்னு தெரியும். தின்னுச்சான்னு எப்படிங்க தெரியும்?

கார்த்தி_கோவை எழுதினது:

ஒரு சந்தேகங்க. நான் சூலூர் குளம், உக்கடம் குளம்னு சுத்தி பறவை பாக்கறவன், கடல் பறவை பத்தி இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். வாண்டரிங் அல்பட்ராஸ் போன பாதைன்னு ஒரு மேப் பாத்தேன், தீவுல இருந்து கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒரே கோடு, அதுல சில இடத்துக்கு மட்டும் கலரடிச்சு இரை தேடுற பகுதின்னு போட்டிருக்காங்க. குளத்துல நாரை கெளுத்திய முழுங்கறத நான் கண்ணால பாக்கறேன், அதனால நம்பறேன். நடுக்கடல்ல பாக்க எவன் இருக்கான்? வெறும் புள்ளிய வச்சுக்கிட்டு இங்க சாப்பிட்டுச்சுன்னு எப்படிங்க முடிவு பண்றாங்க? வேகம் கொறஞ்சா சாப்பாடா, இல்ல சும்மா தண்ணி மேல உக்காந்து ரெஸ்ட் எடுக்குதா?

நெய்தல்நிலா எழுதினது:

இந்தத் துறையே இந்தக் கேள்விய சுத்திதான் ஓடிட்டிருக்கு கார்த்தி. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

1989ல தென் இந்தியப் பெருங்கடல்ல இருக்கற க்ரோஸே தீவுகள்ல, பிரான்ஸ் ஆளுங்க பியர் ஜூவந்தானும் ஆன்ரி வைமர்ஸ்கிர்ஷும் அல்பட்ராஸ் முதுகுல சாட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் வச்சு விட்டாங்க. அதுக்கு முன்னாடி கால்ல வளையம் போட்டு, எங்கயாவது செத்துக் கிடந்தாவோ யாராவது புடிச்சாவோதான் தகவல் வரும். 1990ல ரிசல்ட் வந்தப்ப எல்லாருக்கும் ஷாக். முட்டைய ஜோடிகிட்ட விட்டுட்டு இரை தேடப் போன பறவை ஒரே டிரிப்புல 3,600ல இருந்து 15,000 கிலோமீட்டர் வரைக்கும் சுத்திட்டு வந்திருக்கு. ஒரு நாளைக்கு 900 கிலோமீட்டர் வரைக்கும், வேகம் மணிக்கு 80 வரைக்கும்.

ஆனா நீங்க சொல்ற மாதிரி அது எல்லாமே எங்க போச்சுங்கற பதில் மட்டும்தான். சாப்பாட்டுக்கு வேற சென்சார் வேணும். அல்பட்ராஸ் விஷயத்துல ரொம்ப அழகான வழி ஒண்ணு இருக்கு, வயித்து வெப்பநிலை. சின்ன சென்சார முழுங்க வச்சிடுவாங்க. பறவை உடம்பு 39 டிகிரி பக்கம், அது புடிக்கற கணவாயும் மீனும் அந்தக் கடல் மாதிரியே சில்லுனு இருக்கும். முழுங்கின உடனே வயித்து சூடு மடார்னு விழும், அப்புறம் மெல்ல ஏறும். எவ்வளவு விழுந்துச்சு, ஏற எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தா இரையோட எடையக்கூட தோராயமா சொல்லிடலாம். இதையும் பாதையையும் ஒண்ணா வச்சுப் பாத்ததுலதான் இந்தப் பறவை பெரும்பாலும் பகல்லதான் சாப்பிடுதுன்னு தெரிஞ்சது. ராத்திரி நிறைய நேரம் தண்ணி மேல உக்காந்திருக்கும், அப்பவும் பக்கத்துல கணவாய் வந்தா விடறதில்ல, ஆனா முக்கிய வேட்டை பகல்ல.

அதனால உங்க கேள்விக்கு பதில்: வேகம் கொறஞ்சா மட்டும் சாப்பாடு இல்ல. வேகம் கொறஞ்சு, ஒரே இடத்துல வளைஞ்சு வளைஞ்சு சுத்தினா தேடுதுன்னு எடுத்துக்குவாங்க, அதுவும் ஒரு ஊகம்தான். அந்த மேப்புல கலரடிச்சது முக்காவாசி இந்த ஊகம்தான். வயித்துல ஆதாரம் கெடச்சா வேற லெவல்.

தூத்தூர்காரன் எழுதினது:

படிச்சேன். நாங்க கன்னியாகுமரி மாவட்டம், ஆழ்கடலுக்கு ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிறுல வரிசையா நிறைய முள்ளு) கொண்டு போற ஊரு. எங்க கடல்ல அல்பட்ராஸ் கிடையாது, ஆலாவும் வேற சில கடல் பறவையும்தான். சூரை மீன் கூட்டம் அடியில இருந்து சின்ன மீனை மேல தள்ளும், மேல ஆலா வந்து விழும், அத தூரத்துல இருந்து பாத்துதான் படகத் திருப்புவோம். அதனால பறவை சாப்பிடுதா சாப்பிடலயான்னு தெரிய எங்க அப்பாவுக்கு சென்சார் எல்லாம் தேவப்படல. உயரமா நேரா போற பறவ வழிப்போக்கன், தாழ்ந்து சுத்தற பறவைக்கு அடியில மீன் உண்டு.

நெய்தல்நிலா எழுதினது:

@தூத்தூர்காரன் அண்ணே, நேரா போனா பயணம், வளைஞ்சா வேட்டைங்கற அதே விதியத்தான் இவங்க கம்ப்யூட்டர்ல புள்ளியியல் மாடலா போட்டு வச்சிருக்காங்க. உங்க அப்பாவுக்கு கூடுதலா கெடச்சது என்னன்னா, படகத் திருப்பி அங்க போய் சூரை இருக்கான்னு செக் பண்ற வசதி. தப்பா இருந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும். மாடலுக்கு அந்த வசதி கிடையாது.

கடுப்பு_கந்தசாமி எழுதினது:

எல்லாம் சரிங்க சார், ஆனா ஒண்ணு கேக்கறேன். வயித்துல சென்சார முழுங்க வைக்கறது, முதுகுல பெட்டி கட்றது, கால்ல வளையம் மாட்றது, இதெல்லாம் செஞ்சுட்டு அந்தப் பறவை இயல்பா எப்படி நடந்துக்குதுன்னு பேப்பர் எழுதறது காமெடியா இல்ல? பெட்டிய தூக்கிட்டுப் பறக்கற பறவைய பத்தின ஆராய்ச்சிதானே அது.

நெய்தல்நிலா எழுதினது:

காமெடி இல்ல, ரொம்ப சீரியஸான கேள்வி, அதுக்கு ஆதாரமும் இருக்கு. அதே க்ரோஸேல கிங் பெங்குவின் மேல 10 வருஷம் ஒரு ஆராய்ச்சி நடந்தது. எல்லா பெங்குவினுக்கும் தோலுக்கடியில சின்ன மின்னணு அடையாளச் சில்லு, அதுல பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலா துடுப்புல உலோகப் பட்டை. பட்டை போட்டதுங்க 39 சதவீதம் கம்மியா குஞ்சு வளத்திருக்கு, உயிர் பிழைக்கறதும் 16 சதவீதம் கம்மி. 2011ல வெளிவந்தது. பெங்குவினுக்கு துடுப்புதான் இறக்கை, அதுல பட்டை இருந்தா தண்ணிய கிழிச்சுட்டு போறப்ப இழுவை கூடும், இரை தேடப் போனா திரும்பி வர லேட்டாகும், குஞ்சு காத்துட்டு கெடக்கும். இதுல பெரிய வயித்தெரிச்சல் என்னன்னா, அதுக்கு முன்னாடி பட்டை போட்ட பெங்குவின வச்சு பருவநிலை மாற்றத்தால எண்ணிக்கை கொறையுதுன்னு கணக்குப் போட்ட வேலைகள் எல்லாத்தையும் சந்தேகத்தோட திரும்பப் படிக்க வேண்டியதாப் போச்சு.

பறக்கற பறவைக்கு பொதுவா உடம்பு எடையில 3 சதவீதத்துக்கு மேல கருவி கூடாதுன்னு ஒரு வரம்பு வச்சிருக்காங்க. 10 கிலோ அல்பட்ராஸுக்கு இது பிரச்சனையே இல்ல. ஒட்டறதுக்கும் முதுகு இறகுல துணி டேப்புதான், இறகு உதிர்ந்தா டேப்பும் கருவியும் சேர்ந்து உதிர்ந்துடும். சிக்கல் எல்லாம் சின்ன பறவைக்குத்தான்.

கடுப்பு_கந்தசாமி எழுதினது:

அப்போ 3 சதவீதம்னு ஒரு நம்பர் சொல்லிட்டா மனசாட்சி கிளியர் ஆயிடுமா

நெய்தல்நிலா எழுதினது:

ஆகாது. எடைய விட வடிவம் முக்கியம், முக்கியமா முங்குற பிராணிங்களுக்கு. பெங்குவின் பட்டை என்ன கனம் இருக்கும்? கனமே இல்ல, இழுவைதான் கொன்னுச்சு. அதனால கருவி கட்டின பறவையையும் கட்டாத பறவையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குஞ்சு வளர்ச்சிய ஒப்பிடாத ஆராய்ச்சிய நான் பாதி நம்பிக்கையோடதான் படிப்பேன்.

பருத்தித்துறையான் எழுதினது:

நல்ல இழை. சின்னப் பறவையள் எண்டு சொன்னதால ஒண்டு சேர்க்கிறன். ஆர்டிக் ஆலா எண்டு ஒரு பறவை, எடை 100 கிராம் அளவுதான். அதுக்கு அப்ப இருந்த சாட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் கட்டேலாது. அதால 1.4 கிராமில ஒரு கருவியைக் காலில கட்டி விட்டவை. அதுக்குள்ள ஜிபிஎஸ் ஒண்டும் இல்லை, வெளிச்சத்தை அளக்கிற சென்சரும் ஒரு கடிகாரமும்தான். பகல் எவ்வளவு நீளம் எண்டதில இருந்து வடக்கு தெற்கு தெரியும், நடுப்பகல் எத்தினை மணிக்கு வருது எண்டதில இருந்து கிழக்கு மேற்கு தெரியும். பழைய மாலுமிமார் செய்த கணக்குத்தான். கிரீன்லாந்திலயும் ஐஸ்லாந்திலயும் இருந்து போய் வந்த 11 பறவையின்ர தரவை 2010ல வெளியிட்டவை, வருசத்துக்கு சராசரி 70,900 கிலோமீற்றர். அண்டார்டிகா வரைக்கும் போய்த் திரும்பி வருகுது.

ஆனா இதில பிழையும் பெரிசு. நூறு கிலோமீற்றருக்கு மேல தள்ளிக் காட்டும். மார்ச், செப்டம்பர் மாசத்தில உலகம் முழுக்க பகலும் இரவும் ஒரே அளவா வரேக்க வடக்கு தெற்கு கணக்கே வேலை செய்யாது. பிறகு கருவிக்குள்ள இருக்கிறதை எடுக்க வேணுமெண்டா அதே பறவையை அடுத்த வருசம் திரும்பிப் பிடிக்க வேணும். திரும்பி வராத பறவையின்ர கதை ஒருநாளும் தெரிய வராது. அதையும் யோசியுங்கோ, எங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் தப்பி வந்ததுகளின்ர கதை மட்டும்தான்.

பிசிக்ஸ்வாத்தி எழுதினது:

கார்த்தியோட முதல் கேள்விக்கு இன்னும் பக்காவான உதாரணம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லாததால நானே சொல்றேன், இயற்பியல்ல இது ரொம்ப ஃபேமஸ். 1996ல நேச்சர் பத்திரிகைல அல்பட்ராஸ் லெவி பறத்தல் முறையில இரை தேடுதுன்னு ஒரு பேப்பர் வந்தது, விஸ்வநாதன்ங்கற இயற்பியலாளர்தான் முதல் ஆசிரியர். லெவின்னா என்னன்னா, வீட்டுல வண்டிச் சாவி தொலைஞ்சா மேஜைய சுத்தி சின்னச் சின்னதா தேடுவோம், கெடைக்கலன்னா ஒரே தாவா மாடிக்குப் போய் அங்க மறுபடி சின்னச் சின்னதா தேடுவோம்ல, அந்த மாதிரி. நிறைய குட்டித் தாவல், எப்பவாச்சும் ஒரு ராட்சசத் தாவல். இரை எங்க இருக்குன்னே தெரியாத இடத்துல இதுதான் சிறந்த தேடல்னு கணிதம் காட்டுது. தேனீ, மான், கடைசில மனுசன் வரைக்கும் எல்லாரும் லெவின்னு வரிசையா பேப்பர் வந்துச்சு.

டேட்டா எப்படி வந்துச்சு தெரியுமா? தென் அட்லாண்டிக்ல தென் ஜார்ஜியா தீவு பக்கத்துல பேர்ட் ஐலண்ட்ல பறவை கால்ல ஈரமா இருக்கா காஞ்சிருக்கான்னு பதிவு பண்ற கருவி. ஈரமா இருந்தா தண்ணில உக்காந்திருக்கு, காஞ்சிருந்தா பறக்குது. ரொம்ப நேரம் காஞ்சிருந்தா ராட்சசத் தாவல். லாஜிக் சூப்பரா இருக்கா? 2007ல எட்வர்ட்ஸ்னு ஒருத்தர் தலைமைல அதே டேட்டாவையும் புதுசா எடுத்த இன்னும் நுணுக்கமான டேட்டாவையும் வச்சு திரும்பப் பாத்தாங்க. அந்த ராட்சசத் தாவல் எல்லாம் டிரிப்போட ஆரம்பத்துலயும் கடைசிலயும்தான் வருது. அதாவது கருவி கட்டின அப்புறம் பறவை கிளம்பவே இல்ல, கூட்டுப் பக்கத்துல தரைல உக்காந்திருக்கு. கால் காஞ்சிருக்கத்தானே செய்யும்! அத வெட்டி எறிஞ்சா லெவியும் சேர்ந்து போயிடுச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, அந்த 2007 பேப்பர்ல விஸ்வநாதனும் ஒரு ஆசிரியர். தன்னோட ரிசல்ட்ட தானே உடைக்கற பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கார்.

கார்த்தி_கோவை எழுதினது:

அடேங்கப்பா. அப்ப லெவி முழுப் பொய்யாங்க?

பிசிக்ஸ்வாத்தி எழுதினது:

இல்ல, அங்கயும் முடியல. 2012ல ஜிபிஎஸ் டேட்டாவும் வயித்து சென்சாரும் சேர்த்துப் பாத்து, சில பறவைங்க சில நேரம் லெவி மாதிரி போகுது, எல்லாம் எப்பவும் இல்லன்னு இன்னொரு பேப்பர் வந்தது. ஒரே ஃபார்முலால எல்லா பறவையும் அடங்கணும்னு எங்க இயற்பியல் ஆளுங்களுக்கு ஒரு ஆசை, பறவைக்கு அப்படி எதுவும் கிடையாது.

நெய்தல்நிலா எழுதினது:

வாத்தியார் சொன்னதோட ஒண்ணு. லெவி மாடல்ல பறவை கண்ண மூடிட்டு தேடுதுன்னு ஒரு அனுமானம் இருக்கு. ஆனா அல்பட்ராஸுக்கு மூக்கு வேலை செய்யும். கேப்ரியேல் நெவிட்ங்கற ஆய்வாளரோட குழு 2008ல ஜிபிஎஸ்ஸும் வயித்து சென்சாரும் சேர்த்துப் பாத்தப்ப, பறந்துட்டு இருக்கறப்பவே கண்டுபிடிச்ச இரைல பாதிக்கிட்ட, மோந்து பாத்து வந்ததுக்கு ஒத்துப்போற பாதைல கெடச்சிருந்தது. பறவை குறுக்குக் காத்துல போயிட்டிருக்கும், வாடை பட்ட உடனே சட்டுன்னு காத்தை எதிர்த்துத் திரும்பும், இல்ல இடதும் வலதுமா நெளிஞ்சு நெளிஞ்சு காத்து வர்ற திசைக்குப் போகும், அங்க போய் இறங்கும். இரைய அது பல கிலோமீட்டர் தள்ளியே மோந்திருக்கும். மேப்புல பாத்தா நேரா போன கோடு காரணமே இல்லாம மடங்கின மாதிரி தெரியும். காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு மேல ஒரு அம்புக்குறி போட்டாத்தான் மடங்கினதுக்கு அர்த்தம் புரியும்.

காத்து பத்தி இன்னொரு விஷயம். இது இறக்கைய அடிக்காமயே பறக்கும். கடல் மட்டத்துல அலை உரசறதால காத்து மெதுவா இருக்கும், மேல போகப் போக வேகம் கூடும், அந்த வித்தியாசத்துல ஏறி, திரும்பி, சரிஞ்சு, மறுபடி ஏறின்னு சும்மா சக்திய எடுத்துக்கும். இதயத் துடிப்ப அளந்து பாத்ததுல பறக்கறப்ப கிட்டத்தட்ட கூட்டுல உக்காந்திருக்கற மாதிரியே துடிக்குது. துடிப்பு எகிறறது தண்ணில இருந்து எழும்பறப்பதான். அதனால எத்தனை கிலோமீட்டர் பறந்துச்சுங்கறத விட எத்தனை தடவ இறங்கி ஏறுச்சுங்கறதுதான் செலவு. அங்கதான் கால் ஈரமா இருக்கா காஞ்சிருக்கான்னு பாக்கற அந்தக் கருவி இன்னமும் உபயோகமா இருக்கு, கூட்டுல உக்காந்த நேரத்த கழிச்சுட்டு பாத்தா.

கடுப்பு_கந்தசாமி எழுதினது:

சரி ஒரு கேமராவ மாட்டி விட்டா கதை முடிஞ்சுது, இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வளைப்பு

நெய்தல்நிலா எழுதினது:

மாட்டியிருக்காங்க. பேர்ட் ஐலண்ட்ல கரும்புருவ அல்பட்ராஸ் முதுகுல ஸ்டில் கேமரா வச்சப்ப (2009ல வெளிவந்தது) ஒரு படத்துல கொலைகாரத் திமிங்கலத்தோட முதுகுத் துடுப்பு, பின்னாலயே மத்த அல்பட்ராஸ் எல்லாம். திமிங்கலம் கிழிச்சுப் போடறத பொறுக்க போயிருக்காங்கன்னுதான் எழுதியிருந்தாங்க. ஜிபிஎஸ் கோட்டுல அப்படி ஒரு ஆள் பக்கத்துல இருந்ததே தெரிஞ்சிருக்காது. ஆனா பேட்டரி தாங்காது, மாசக்கணக்கா வெளிய இருக்கற பிராணிக்கு கேமரா சில மணி நேரம்தான். கடலுக்கடியில நூத்துக்கணக்கான மீட்டர் போறதுக்கு இன்னும் கஷ்டம்.

அதுக்குத்தான் யானைக் கடல்நாய் (எலிஃபண்ட் சீல்) கதை சொல்றேன், எனக்கு இந்தத் துறைலயே ரொம்பப் பிடிச்ச ஐடியா. கலிபோர்னியால ஆன்யோ நுவேவோ கடற்கரைல பொட்டைங்க தோல் உரிச்சு முடிச்சதும் கடலுக்குப் போய் ஏழு எட்டு மாசம் கழிச்சுதான் வரும். 20 நிமிஷத்துக்கு மேல முங்கும், மேல ரெண்டு நிமிஷம் மூச்சு, மறுபடி முங்கும், இப்படியே ராத்திரி பகலா. ஆழம் சாதாரணமா 500, 600 மீட்டர். ஆழம் பதியற கருவி தலைல ஒட்டியிருக்கு. சில முங்கல்ல நடுவுல அது நீந்தறத நிறுத்திட்டு சும்மா மிதக்க விட்டுடும். அப்ப கீழ இறங்குதா மேல ஏறுதா, எவ்வளவு வேகத்துலங்கறதுதான் விஷயம். ஒல்லியா கிளம்பினப்ப சும்மா இருந்தா கல்லு மாதிரி இறங்கும். சாப்பிட்டு கொழுப்பு ஏற ஏற இறங்கற வேகம் கொறையும், நல்லா கொழுத்ததுங்க மேல கூட மிதந்து வரும். ஆக ஒரு வாரத்துல இறங்கற வேகம் எவ்வளவு கொறஞ்சுதுன்னு பாத்து, அந்த வாரம் அது எந்தக் கடல்ல இருந்துதோ அங்க நல்ல சாப்பாடுன்னு எழுதிக்கலாம். வயித்துல எதுவும் வைக்க வேண்டாம், கேமரா வேண்டாம். அந்த மிதக்கற நேரத்துலதான் குட்டித் தூக்கமும் போடுதுன்னு 2023ல மூளை அலைய அளந்து காட்டினாங்க, கடல்ல இருக்கறப்ப ஒரு நாளைக்கு மொத்தம் 2 மணி நேரம்தான் தூக்கம்.

இதோட பாட்டன் கருவி எது தெரியுமா? 1960கள்ல அண்டார்டிகா மக்மர்டோல ஜெரால்ட் கூய்மன்ங்கற ஆய்வாளர் வெடல் சீல்ங்கற (Weddell seal) கடல்நாய்க்குக் கட்டினது. கிச்சன்ல வைக்கற ஒரு மணி நேர டைமர் ஒரு வட்டக் கண்ணாடிய சுத்தும், கண்ணாடில புகை படிஞ்ச கரி, அழுத்தத்துக்கு ஏத்தாப்ல ஒரு ஊசி அந்தக் கரில கீறிட்டே போகும். சீல் மேல வந்ததும் கழட்டி கீறல படிச்சுக்க வேண்டியதுதான்.

பருத்தித்துறையான் எழுதினது:

நித்திரை எண்டதும் ஞாபகம் வந்தது, கலபகஸ் தீவில ஃபிரிகேட் பறவைக்கும் மூளை அலை அளந்தவை, 2016ல. பறக்கேக்க நாளுக்கு 42 நிமிசம்தான் நித்திரை. அதுக்கு இறகில எண்ணெய் போதாது, தண்ணியில இருந்தா நனைஞ்சு போகும், அதால இறங்கவும் ஏலாது.

தூத்தூர்காரன் எழுதினது:

இவ்வளவும் கண்டுபிடிச்சு பறவைக்கு என்ன லாபம்? கடுப்பு சார் மாதிரி கேக்கல, நெசமாத்தான் கேக்கேன். ஆயிரங்கால் தூண்டில்ல வெளிநாட்டுக் கப்பல்ல அல்பட்ராஸ் மாட்டி சாவுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

நெய்தல்நிலா எழுதினது:

அண்ணே, லாபம் கெடச்சது அங்கதான். இரை மாட்டின முள்ளு தண்ணில முழுகறதுக்குள்ள பறவை வந்து கவ்வும், முள்ளு மாட்டி தூண்டிலோட கீழ போயிடும். க்ரோஸேல பொட்டைங்க எண்ணிக்கை ஆம்பளைய விட வேகமா கொறைஞ்சுது, காரணம் தெரியல. பாதைய பாத்தப்பதான் புரிஞ்சுது: ஆம்பளைங்க அதிகமா தெற்க, குளிர் கடல் பக்கம் போகுது, பொட்டைங்க வடக்க வெதுவெதுப்பான கடலுக்கு வருது, அங்கதான் சூரை பிடிக்கற ஆயிரங்கால் தூண்டில் கப்பல் எல்லாம் இருக்கு. ஒரு பறவை ரெண்டு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும், ஜோடில ஒண்ணு செத்தா முட்டை அதோட போச்சு.

தென் ஜார்ஜியா கடல்ல கோடைல மீன்பிடிக்கத் தடை, ராத்திரில மட்டும் தூண்டில் போடறது, சீக்கிரம் முழுக எடை கட்டறது, பறவைய விரட்ட பின்னால கலர் நாடா இழுத்துட்டுப் போறதுன்னு கொண்டு வந்தாங்க, அங்க சாவு கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஆனா அங்க முட்டையிடற அல்பட்ராஸ் இன்னும் கொறைஞ்சுட்டேதான் இருக்கு, ஏன்னா அது அந்தக் கடலோட நிக்காது, அடுத்தவன் கடலுக்கும் எவனுக்கும் சொந்தமில்லாத கடலுக்கும் போகும். பாதை தெரியாம இருந்திருந்தா தென் ஜார்ஜியா சட்டம் வேலை செய்யலன்னு அத எடுத்திருப்பாங்க.

கடைசியா வந்தது இன்னும் சுவாரசியம். 2018 கடைசில ஆரம்பிச்சு க்ரோஸே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகள்ல 169 அல்பட்ராஸ் முதுகுல ஜிபிஎஸ்ஸோட கப்பல் ராடார் சிக்னல பிடிக்கற கருவியும் வச்சாங்க. பறவை ஒரு கப்பல் பக்கம் போனா, ராடார் சிக்னல் கேக்கும், அந்த இடத்துல எந்தக் கப்பல் தன் அடையாளத்த ஏஐஎஸ்ல (கப்பல் பேரையும் இருக்கற இடத்தையும் தானா ரேடியோல சொல்ற கருவி) ஒலிபரப்பிட்டிருக்குன்னு ஒப்பிட்டுப் பாப்பாங்க. 353 கப்பல் மாட்டுச்சு. மொத்தத்துல 28 சதவீதத்துக்கு மேல ஏஐஎஸ் இல்லாமதான் இருந்துச்சு, சர்வதேசக் கடல்ல 37 சதவீதம்.

கடுப்பு_கந்தசாமி எழுதினது:

ஹாஹா பறவைய சிஐடி ஆக்கிட்டாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சாச்சுல்ல, இனி அவன் ராடாரையும் சேத்து அணைச்சிடுவான், அப்புறம் என்ன பண்ணுவாங்க?

தூத்தூர்காரன் எழுதினது:

ஏஐஎஸ்ஸ அணைப்பான், அதுல அவனுக்கு நட்டம் ஒண்ணும் இல்ல. ராடார அணைக்க மாட்டான் சார். கடல்ல ராத்திரி எதிர வர்றவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான், அதுவும் நீங்க சொல்ற அந்த தெற்குக் கடல்ல பனிமூட்டமும் அலையும். கப்பல் வந்து இடிச்சுட்டு நிக்காமப் போன கதை எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு உண்டு, ராடார அணைச்சுட்டு படுக்கற ஸ்ராங்க்கை (படகு ஓட்டறவர) நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.